படுத்திருந்த ஃபிரிட்ஜ்: ஒரு பட்டிமன்றப் பேச்சு

நடுவர் அவர்களுக்கு வணக்கம். இரண்டு அணிக்கும் வணக்கம். இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கிறவர்களுக்குத் தனி வணக்கம். நீங்கள்தான் புத்திசாலிகள். ஏன் என்று சொல்கிறேன்.

உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் திரும்பி உங்கள் சேரின் முதுகைப் பாருங்கள். நீல பெயின்டில் ஓர் எழுத்து இருக்கிறதா? இருக்கும். மண்டபத்துச் சேர் பத்தாது என்று இன்று மத்தியானம் ஒரு லோடு இறக்கினார்கள். எங்கிருந்து? நம்ம சோழவந்தான் பந்தக்கார வீட்டிலிருந்து. நேற்று இந்தச் சேர் எங்கே இருந்தது? ஆற்றங்கரைப் பக்கம் ஒரு துட்டி வீட்டில் இருந்தது.

பாருங்கள், நாலு பேர் எழுந்துவிட்டார்கள். உட்காருங்க அண்ணே, கழுவித்தான் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் சேலை அக்கா மட்டும் அசையவே இல்லை. கேட்டால், "நேத்தும் நான் இதே சேர்லதான் உட்கார்ந்திருந்தேன்" என்பார்கள்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டில் தோள் கொடுப்பது சொந்தமா, தொழிலா? நான் தொழில் கட்சி. அதாவது, பந்தல் போட்டு, பாடை கட்டிக் கூலி வாங்குகிற பந்தக்காரர் பக்கம். உண்மையைச் சொன்னால், சொந்தம் என்கிற பக்கத்தைத்தான் நான் முதலில் கேட்டேன். கைதட்டல் அங்கேதான் அதிகம் கிடைக்கும். எதிரணி அண்ணன் முந்திக்கொண்டார். பரவாயில்லை.

நான் பத்துப் பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் அண்ணன் பேச்சை முடிக்கும்போது ஒரு கல்லை விட்டுவிட்டுப் போனார். "பந்தக்காரர் காலையில் கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்திச் சாமி கும்பிடுகிறாரே, என்ன வேண்டிக்கொள்வார்?" என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் தட்டினீர்கள். என் அணியில் ஒருவர்கூடத் தட்டினார், பார்த்தேன். அதற்கு அப்புறம் அந்தப் பத்துப் பக்கத்தை வைத்து நான் என்ன செய்ய? மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நடுவர் அவர்களே, அண்ணனை அறிமுகம் செய்தபோது 'சமூக சேவகர்' என்று சொன்னீர்கள். சரி, அதை விட்டுவிடலாம். அண்ணன் இருபது வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் பாலிசி போட்டுக் கொடுத்தவர். ஒருநாள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, அவள் முன்னாலேயே என்னைக் கேட்டார். "சார், நாளைக்கே ஒங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னு வைங்க..."

வைங்க என்றால் எங்கே வைப்பது? நான் காபியைக் கீழே வைத்தேன். அவர் விடவில்லை. "இயற்கையாப் போனா இவ்வளவு. விபத்துல போனா ரெண்டு மடங்கு" என்றார். தினமும் காலையில் "பைக்ல மெதுவாப் போங்க" என்று சொல்கிற என் மனைவி, அதற்கு அப்புறம் மூன்று நாள் அதைச் சொல்லவே இல்லை.

அப்படிப்பட்ட அண்ணன் கேட்கிறார், பந்தக்காரர் என்ன வேண்டிக்கொள்வார் என்று! பந்தக்காரர் என்றைக்காவது உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, 'நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா' என்று பேசியிருக்கிறாரா? எதிரே வந்தால் "நல்லா இருக்கீங்களா" என்றுகூடக் கேட்க மாட்டார். அவர் கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். ஊரில் எல்லாக் கடையிலும் 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு கடையில் மட்டும் இருக்காது.

சாவு வீட்டில் காசு வாங்குவது பாவம் என்றும் அண்ணன் சொன்னார். நம் பக்கம் மயானத்துக்குப் போகிற வழியில் அரிச்சந்திரன் கல் இருக்கும். பாடையை அங்கே இறக்கி, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவோம். அவர் கதை என்ன? பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வந்து நிற்கிறாள். காவல்காரர் அரிச்சந்திரன் என்ன சொன்னார்? கால் பணமும் முழத்துண்டும் வைத்தால்தான் சுட விடுவேன் என்றார். வந்தது பெற்ற பிள்ளை, நிற்பது கட்டின மனைவி என்று தெரிந்த பிறகும் ரேட்டைக் குறைத்தாரா? குறைக்கவில்லை. அண்ணன் போய் அவரிடம் கேட்கட்டும், 'நீங்கள் காலையில் என்ன வேண்டிக்கொள்வீர்கள்' என்று. பொய் சொல்லாதவர், சரியான பதில் கிடைக்கும்.

எனக்குப் பந்தக்கார மாமாவே பதில் சொல்லியிருக்கிறார். எங்களுக்குள் சொந்தம் எதுவும் கிடையாது, ஊர் முறைக்கு மாமா. இந்தப் பேச்சுக்கு விஷயம் சேகரிக்கப் போன வாரம் அவர் கடைக்குப் போனபோது, ஏதோ தோன்றி நானே கேட்டுவிட்டேன். "காலையில சாமி கும்பிடுறப்ப என்ன மாமா வேண்டிக்குவீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "பெட்டி வச்ச வீட்டுல கரண்டு போயிரக் கூடாதுன்னு வேண்டிக்குவேன்" என்றார்.

அவ்வளவுதான். தொழில் தெரிந்தவனின் வேண்டுதல் அப்படித்தான் இருக்கும்.

பெட்டி என்றதும் ஐஸ் பெட்டிதான் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச இந்த மேடையில் எனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது. நடுவர் மணியில் கை வைக்கிறார். ஐயா, இதை மட்டும் சொல்ல விடுங்கள். மார்க்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. நாலு நாளாகப் பேச்சில்லை. வாயில் விட்ட பால் வழிந்துவிட்டது. சொந்தம் எல்லாம் வந்தாயிற்று. எதிரணி சொல்கிறதே, அதே சொந்தம்தான். பெரியப்பா சென்னையிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தார். முதல் நாள் முடிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் வாட்சைப் பார்த்தார். அப்புறம் அப்பத்தாவைப் பார்த்தார். திரும்பவும் வாட்சைப் பார்த்தார். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருந்தார்.

சித்தப்பா கையைப் பிடித்து நாடி பார்த்தார். "இன்னைக்குப் பொழுது தாண்டாது" என்று சொல்லிவிட்டார். அவர் வைத்தியர் இல்லை, மின்சார வாரியத்தில் லைன்மேன். ஆனாலும் கம்பியில் கரண்டு வருகிறதா இல்லையா என்று பார்த்தே பழகியவர் இல்லையா, எல்லாரும் நம்பினோம். "அப்பப் பெட்டிக்குச் சொல்லிருவோம், பின்னால கெடைக்காது" என்றார் பெரியப்பா.

பெட்டி வந்துவிட்டது. பட்டாசாலையில் இறக்கி, முன்கூட்டியே குளிரட்டும் என்று சுவிட்சைப் போட்டார்கள். கொர்ர்ர் என்று ஒரு சத்தம்.

உள்ளறையில் நாலு நாளாகக் கண் திறக்காத அப்பத்தா கண்ணைத் திறந்தாள். "என்னடி சத்தம்?" என்றாள்.

வீடே உறைந்து போயிற்று. பெரியப்பா கையில் வாட்ச் நின்றுவிட்டது. ஒருவருக்கும் வாய் வரவில்லை. பதில் சொன்னது என் அம்மா. எங்கம்மா வாழ்நாளில் பொய் சொல்லி நான் கேட்டது இரண்டே தடவை. இது ஒன்று. இன்னொன்றை நேரம் இருந்தால் சொல்கிறேன். அம்மா சொன்னாள், "ஃபிரிட்ஜு வாங்கியிருக்கோம் அத்தே."

அப்பத்தா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "வாங்குனதுதான் வாங்குனீக, அந்தத் தோசை மாவைத் தூக்கி உள்ள வைங்கடி, புளிச்சுக் கெடக்கு" என்றாள்.

நினைத்துப் பாருங்கள். அப்பத்தாவுக்கு வந்த பெட்டி. அதற்குள் தோசை மாவு! வைத்தார்களா என்று கேட்காதீர்கள். எங்கம்மா மாமியார் பேச்சைத் தட்டியதே இல்லை.

அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் அப்பத்தா நீச்சத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பட்டாசாலைக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். "எல்லா வீட்டுலயும் நின்னுக்கிட்டு இருக்குமே, இது ஏன்டா படுத்துக் கெடக்கு?" என்று கேட்டாள்.

மூன்று ஆம்பிளைப் பிள்ளை பெற்றவள் கேட்கிறாள். இருந்த இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். லைன்மேன் சித்தப்பாதான் சொன்னார், "புது மாடலும்மா." அப்பத்தா ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கண்ணாடி மூடியைத் தட்டிப் பார்த்தாள். "முருங்கக்கா வைக்கவாடா இம்புட்டு நீட்டம்?" என்றாள்.

சாயங்காலம் பந்தக்கார மாமா பெட்டியை எடுக்க ஆளோடு வந்தார். அப்பத்தா வாசலை மறித்துக்கொண்டாள். "யாரக் கேட்டு என் ஃபிரிட்ஜத் தூக்குற?" என்றாள். மாமா என்ன செய்வார்? அவர் தொழிலில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. யாருடைய பெட்டியோ அவர்கள் பேச மாட்டார்களே! "இதுல காத்து ஒழுகுது ஆத்தா, கம்பெனியில குடுத்து மாத்திக் கொண்டாறேன்" என்றார். "அப்ப நிக்கிற மாடலாக் கொண்டா" என்று சொல்லித்தான் வழி விட்டாள்.

பெரியப்பா பர்ஸை எடுத்தார். மாமா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "வாடகை வேண்டாம்ணே, ஆளே ஏறலையே. டீசலுக்கு மட்டும் குடுங்க." அண்ணே, நீங்கள் பிரீமியத்தை அப்படித் திருப்பிக் கொடுப்பீர்களா? 'ஆள் சாகலையே, இந்தாங்க உங்க காசு' என்று?

அதற்கு அப்புறம் அப்பத்தா ஏழு வருடம் இருந்தாள். அந்த வேன் தெருவில் போகும்போதெல்லாம் திண்ணையிலிருந்து கத்துவாள். "ஏய், என் ஃபிரிட்ஜு போகுதுடி. இன்னும் மாத்திக் கொண்டாரல பாரு." வண்டிக்குள் யார் இருக்கிறார்களோ, பின்னால் யார் அழுதுகொண்டு வருகிறார்களோ, அதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. அது என்ன பெட்டி என்று அப்பத்தாவுக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் இரண்டு அணி உண்டு.

ஏழு வருடம் கழித்து அந்தப் பெட்டி நிஜமாகவே வந்தது. எங்கம்மா அதன்மேல் தலையை வைத்துக்கொண்டு ராகம் போட்டு அழுதாள். "அத்தே, ஒங்க ஃபிரிட்ஜு வந்துருச்சே, நிக்கிற மாடலாக் கேட்டீகளே..." பட்டாசாலை முழுக்க அழுகையும் சிரிப்புமாகப் போயிற்று. பந்தக்கார மாமா மூலையில் ஜெனரேட்டர் வயரைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் மணி. சரி ஐயா, தலைப்புக்கு வருகிறேன்.

அந்தக் குடும்பத்துக்கு இது நாலாவது தலைமுறை. நம்ம ஊரில் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லை. மாமாவின் தாத்தா கீற்று முடைகிறவர். கல்யாணத்துக்கும் அவர்தான் பந்தல், கருமாதிக்கும் அவர்தான் பந்தல். பச்சை மூங்கிலும் கீற்றும் கையில் இருந்ததால் பாடை கட்டுவதும் அவரிடம் வந்து சேர்ந்தது. மகன் காலத்தில் பெட்ரோமாக்ஸ் லைட்டு, பாய், அண்டா. மாமா காலத்தில் சேர், ஷாமியானா, ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர். மாமாவின் மகன் வேன் வாங்கியிருக்கிறான். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், மதுரையில் அடித்து வந்துவிடும். கோடித் துணி, மண்கலயம், நெய்ப்பந்தம், உதிரிப்பூ எல்லாம் ஒரே போன்தான். கூடவே மாமா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். "இருபத்தோரு நாளைக்குள்ள எறப்பைப் பதிஞ்சுருங்க, அப்புறம் அலைய வேண்டி வரும்." 1969-ல் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. எந்தப் பெரியப்பாவாவது நமக்கு அதைச் சொல்லியிருக்கிறாரா?

இது நேற்று வந்த தொழிலும் இல்லை. இதே வைகைக் கரையோடு மதுரையைத் தாண்டிக் கீழே போனால் கொந்தகை. 2020-லிருந்து அங்கே தோண்டி எடுத்தார்களே முதுமக்கள் தாழி, அதெல்லாம் யார் செய்தது? செத்தவரின் மச்சானா? சக்கரம் சுற்றத் தெரிந்த குயவர். சங்க காலத்துப் பாட்டு ஒன்று உண்டு. கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், 'வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வரும் பல்லி மாதிரி அவரோடு வந்தவள் நான். தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய்' என்று கேட்கிறாள். யாரிடம் கேட்கிறாள் என்று பாருங்கள். மாமியாரிடமா? நாத்தனாரிடமா? குயவரிடம்! இருந்த துக்கத்தை எல்லாம் இறக்கி வைக்க அவளுக்குக் கிடைத்தது ஒரு தொழிலாளி.

"அந்தக் காலத்தில் ஊரே கூடிக் காசில்லாமல் செய்தது" என்றார் எதிரணித் தங்கச்சி. நல்லா இருக்கு கேட்க. காசில்லாமல் செய்தது யார் தங்கச்சி? பறை அடித்தவர், குழி வெட்டியவர், மாத்துத் துணி விரித்தவர், ராத்திரி முழுக்க எரு மூட்டம் அணையாமல் பார்த்துக்கொண்டவர். வருடத்துக்கு இத்தனை படி நெல் என்று அளந்துவிட்டு, 'இது உன் கடமை, வர மாட்டேன் என்று சொல்லக் கூடாது' என்றோம். அந்த மனிதர் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது நம்மில் எத்தனை பேர் போனோம்? போர்டு வைத்து, போன் நம்பர் எழுதி, 'இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி, இன்றைக்கு வர முடியாது' என்று ஒருவன் சொல்ல முடிகிறதே, அது தொழில் என்று ஆன பிறகுதான் முடிந்தது. இதற்கு நீங்கள் தட்ட மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

என் மைத்துனர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் இருக்கிற சின்ன ஊரிலும் இப்படி ஒரு குடும்பம் உண்டாம். கீழே சாவுக்கான கூடம், மாடியில் குடும்பம். அந்த நாட்டில் இந்தக் கடைகள் பலவும் தச்சுப் பட்டறையாகத் தொடங்கியவை. மேசை நாற்காலி செய்தவர் சவப்பெட்டியும் செய்தார், சவப்பெட்டி செய்தவரே அடக்கத்தையும் பார்த்துக்கொண்டார். 1861-லிருந்து 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், செத்த சிப்பாய்களை ஊருக்கு அனுப்ப உடலைப் பதப்படுத்தும் பழக்கம் பரவியது. லிங்கன் உடலையும் அப்படித்தான் பதப்படுத்தி, ரயிலில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இன்னொன்று கேளுங்கள். படுக்க வைத்துக் கொண்டுபோகிற வண்டி அவர்களிடம்தான் இருந்தது என்பதால், சின்ன ஊர்களில் ரொம்ப காலம் ஆம்புலன்ஸும் அவர்களேதான் ஓட்டினார்கள். ஏறும்போது 'எந்தப் பக்கம் போறோம்' என்று கேட்டுவிட்டு ஏறியிருப்பான் நோயாளி.

சிரித்தது போதும்.

2021 மே மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு சொல்லியிருந்த காலம். இருபது பேர் எங்கே வந்தார்கள்? 'கடைசியில தூக்க நாலு பேர் வேணும்' என்பார்கள். அந்த நாலு பேர் யார்? பந்தக்கார மாமாவின் மகன், கடைப் பையன், துப்புரவுப் பணியாளர்கள் இரண்டு பேர். அந்தக் கவச உடையைப் போட்டால் பத்து நிமிடத்தில் வேர்வை காலுறையில் தேங்கும். வெயில் வேறு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தத்தனேரி மயானத்துக்கும் ஊருக்குமாக ஓடினான் என்று மாமாவின் மகனே எண்ணவில்லை.

வராதவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் போகவில்லை. நாடி பிடித்த லைன்மேன் சித்தப்பாவைச் சொன்னேனே, அவர் அந்த மாதம்தான் போனார். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானம். என் அப்பா போன பிறகு என்னை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர். நான் என் வீட்டு மாடியில் நின்றுகொண்டிருந்தேன். ராத்திரி மாமாவின் மகன் போன் பண்ணினான். "அண்ணே, சித்தப்பாவுக்கு வாய்க்கரிசி போட முடியல. பையைத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மேலயே போட்டுட்டேன். ஒங்க பேரைச் சொல்லித்தான் போட்டேன்."

இதை யார் அவனுக்குச் சொன்னது? எந்த ரேட்டில் இது வருகிறது?

போன வாரம் கடைக்குப் போனேன் என்றேனே, மாமா எனக்குப் பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துக் காட்டினார். நீள நோட்டு, சிவப்பு அட்டை. செத்தவர் பெயர், தெரு, எடுத்த சாமான், வாங்கிய காசு. ஊரில் திதி மறந்து போனவர்கள் அந்த நோட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். எனக்கு ஓர் ஆசை வந்தது. 1987 நோட்டை எடுங்கள் என்றேன். அந்த வருடம் டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். இறந்தார். நம்ம ஊரிலும் அவர் படத்தை வைத்துப் பந்தல் போட்டு, மொட்டை போட்டு அழுதார்கள். அடுத்த வாரம் என் அப்பா செத்துப்போனார். நான் ஒன்பதாம் வகுப்பு. தலைவர் படத்துக்குப் போட்ட அதே கீற்றைப் பிரித்து வந்துதான் எங்கள் வாசலில் பந்தல் போட்டார்கள். அப்பா அவருடைய ரசிகர். தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்த வரியைக் கண்டுபிடித்தேன். அப்பா பெயர். பந்தல் 1, பெட்ரோமாக்ஸ் 2, பாய் 6, பாடைச் சாமான். காசு எழுதுகிற இடத்தில் காசு இல்லை. 'ப.பி.' என்று இரண்டு எழுத்து.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பணம் பிறகு. இத்தனை வருடமாகக் கொடுக்கவே இல்லை. "மாமா, எவ்வளவுன்னு சொல்லுங்க, இப்பவே குடுத்துர்றேன்" என்று பையில் கையை விட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சிரித்தார். "இது எங்கய்யா எழுத்து. பணம் பிறகு இல்லப்பா. பள்ளிக்கூடத்துப் பிள்ளை. படிக்கிற பிள்ளைக இருக்க வீட்டுல காசு கேக்கக் கூடாதுன்னு அவரா எழுதி வச்சுக்கிட்ட குறி."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கம்மா சொன்ன இரண்டாவது பொய்யைச் சொல்கிறேன் என்றேனே. அப்பா போன பிறகு அம்மா கொடிக்காலில் வெற்றிலை அடுக்கப் போனாள். இப்போது 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே சோழவந்தான் வெற்றிலைதான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கவுளி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி என் கையில் கொடுப்பாள். "பந்தக்கார வீட்டுல குடுத்துட்டு வா" என்பாள். காசு வாங்கி வரவா என்று கேட்டால், "அவுக மொத்தமா முன்னாலயே குடுத்துட்டாக" என்பாள். நான் காலேஜ் போகிற வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை. நம் வீட்டு வாடிக்கைக்காரர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவிடம் கேட்டேன், எவ்வளவு முன்பணம் கொடுத்திருந்தீர்கள் என்று. "நாங்க எங்கப்பா குடுத்தோம்? வேணாம்னு சொல்லிப் பார்த்தாரு எங்கய்யா, ஒங்கம்மா கேக்கல. அந்த வெத்தலைய அவரு எந்தக் கணக்குலயும் எழுதல. ஆனா வெள்ளிக்கிழமை வேற வெத்தல போட மாட்டாரு."

நடுவர் அவர்களே, இரண்டாவது மணியும் அடித்துவிட்டது, கேட்டது. ஒரே நிமிடம்.

அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். அதே பக்கத்தில் இன்னும் சில வரிகளில் ப.பி. இருந்தது. மாமா பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். அப்பா பெயருக்கு மேலே இருந்த வரிகளை அதால் மறைத்தார். கீழே இருந்த வரிகளைத் தன் கையால் மறைத்துக்கொண்டார்.

"இப்ப எடு" என்றார்.

வணக்கம்.